உதிரிப்பாக மின்கிதார்

உதிரிப்பாக மின்கிதார் என்பது வெவ்வேறு கிதார்களிலிருந்து கழற்றப்பட்ட, அல்லது தனித்தனியே விற்கப்படும் பாகங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கப்படும் மின்கிதார் ஆகும். ஒரு கிதாரின் உடல், மற்றொன்றின் கழுத்து, மூன்றாவதன் ஒலியுணரி, பழைய பெட்டியில் எஞ்சிக் கிடந்த திருகுகள் என இதன் பாகங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருக்கலாம். ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் என்னும் புகழ்பெற்ற கிதார் வகைகளின் பெயர் ஈற்றைக் கொண்டு, இவ்வகைக் கிதார்களைப் பார்ட்ஸ்காஸ்டர் என்றும் கலைஞர்கள் வேடிக்கையாக அழைப்பர்.

பாகங்களின் நிறம், மரம், நிறுவனம் ஆகியவை வேறுபடுவதால் இசைக்கருவிக்குக் குறையேதும் நேர்வதில்லை. ஆனால் சில அளவுகள் பொருந்தாவிடில் எவ்வளவு விலையுயர்ந்த பாகங்களைச் சேர்த்தாலும் அது சுருதி சேராது. ஆகவே உதிரிப்பாகக் கிதார் கட்டுதல் என்பது பெரும்பாலும் எவை பொருந்தியே தீரவேண்டும், எவை பொருந்தாமல் இருக்கலாம் என்பதைப் பிரித்தறியும் கலையாகும்.

வரலாறு

மின்கிதாரின் தொடக்க வரலாற்றிலேயே உதிரிப்பாகக் கருவி ஒன்று இடம்பெறுகின்றது. அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால் 1940-ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க்கிலிருந்த எபிஃபோன் தொழிற்சாலையில் நான்கு அங்குலச் சதுரமான பைன் மரக்கட்டை ஒன்றில் கழுத்தையும் ஒலியுணரிகளையும் பொருத்தினார். வெறுங்கட்டையாகத் தோன்றிய அதற்குக் கிதாரின் தோற்றம் தருவதற்காக, எபிஃபோன் கிதார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்து இருபுறமும் சிறகுபோல் ஒட்டினார். "தி லாக்", அதாவது மரக்கட்டை, என்று பெயர்பெற்ற இக்கருவி, உள்ளீடற்ற ஒலிப்பெட்டி இன்றியே மின்கிதார் இயங்கும் என்பதைக் காட்டியது.

வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர், 1950-இல் வெளியிட்ட கிதாரில் கழுத்தை உடலுடன் பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகுகளால் பிணைத்தார். கழுத்து பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம் என்பதே இதன் பயன். 1951-இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் மாற்றப்பட்ட அக்கிதாரும், 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டரும் இம்முறையைப் பரப்பின. கழற்றக்கூடியது எதுவோ அது மாற்றக்கூடியதும் ஆயிற்று. 1970-களில் டிமார்சியோ, ஷெக்டர், சார்வெல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ஒலியுணரி, கழுத்து, உடல் ஆகியவற்றைத் தனித்தனியே விற்கத் தொடங்கியபின் இது ஒரு தனி வழக்கமாக வளர்ந்தது.

தமிழ் வாசகர் இவ்வேறுபாட்டை வீணையைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரே மரத்தில் குடைந்து செய்யப்படுவது ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. திருகால் பிணைத்த கழுத்துடைய மின்கிதார், இவ்வகையில் ஒட்டு வீணையின் வழிப்பட்டது எனலாம்.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்

ரெட் ஸ்பெஷல்: குயீன் இசைக்குழுவின் பிரையன் மே, தம் பதின்ம வயதில், மின்னணுப் பொறியாளரான தந்தை ஹரால்டு மேயுடன் சேர்ந்து 1963-இல் கட்டத் தொடங்கியது. விலைக்கு வாங்க வசதியில்லாமையே இதற்குக் காரணம். கழுத்து பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்திலிருந்து செதுக்கப்பட்டது. சுருதியசைப்பிக்கான வில்கள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுகளிலிருந்தும், அதன் கைப்பிடி மிதிவண்டியின் பை தாங்கியிலிருந்தும், கைப்பிடி நுனி தாயாரின் பின்னல் ஊசியிலிருந்தும் எடுக்கப்பட்டன. மெட்டுகளின் இடங்காட்டும் புள்ளிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்களாகும். பிற்காலத்தில் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற மே, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதையே தம் முதன்மைக் கருவியாகக் கொண்டுள்ளார்.

பிளாக்கி: எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரக் கடை ஒன்றில் ஆறு பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்களை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் சிறந்த பாகங்களைச் சேர்த்து ஒரே கிதாராக அமைத்துக்கொண்டார். 2004-இல் ஏலத்தில் இது 9,59,500 அமெரிக்க டாலருக்கு விலைபோனது.

ஃபிராங்கன்ஸ்டிராட்: எடி வான் ஹேலன் 1970-களின் நடுப்பகுதியில் உருவாக்கியது. தொழிற்சாலையில் கழிக்கப்பட்ட உடல் ஒன்றையும் தனியே வாங்கிய கழுத்தையும் இணைத்து, கிப்சன் கிதாரிலிருந்து எடுத்த இரட்டைச்சுருள் ஒலியுணரியைச் சாய்வாகப் பதித்தார். சிக்கலான மின்சுற்றை விடுத்து ஒரே ஒரு குமிழை மட்டும் வைத்தார். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் அக்குமிழின்மேல் "டோன்" என்று எழுதியிருந்தது. கையில் கிடைத்த குமிழ் அதுவே. 1978-இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தொகுப்பு இக்கருவியின் ஒலியை உலகறியச் செய்தது. 2019-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இது காட்சிக்கு வைக்கப்பட்டது.

மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கடையில் கிடைக்காத, அல்லது வாங்க இயலாத ஓர் ஒலியைத் தேடியே இவை கட்டப்பட்டன.

பொருந்தியே தீரவேண்டிய அளவுகள்

தந்தி நீளம்

நட் எனப்படும் தலைக்கட்டைக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட, அதிரும் தந்தியின் நீளமே கிதாரின் அடிப்படை அளவாகும். ஃபெண்டர் வகைகளில் இது 25.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 648 மி.மீ. கிப்சன் வகைகளில் 24.75 அங்குலம், அதாவது ஏறத்தாழ 628 மி.மீ. மெட்டுகளின் இடங்கள் இந்நீளத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய தந்தி நீளத்தை 1.05946 என்னும் எண்ணால் வகுத்த அளவிற்குக் குறைக்கின்றது. இவ்வெண் 2-இன் பன்னிரண்டாம் மூலமாகும். பன்னிரண்டு மெட்டுகள் கடந்ததும் நீளம் சரிபாதியாகி, சுரம் ஒரு தாயி உயர்கின்றது.

628 மி.மீ. நீளத்திற்கு மெட்டு அறுக்கப்பட்ட கழுத்தை, தலைக்கட்டையிலிருந்து 648 மி.மீ. தொலைவில் குதிரை அமையும்படி பொருத்திவிட்டதாகக் கொள்வோம். பன்னிரண்டாம் மெட்டு தலைக்கட்டையிலிருந்து 314 மி.மீ. தொலைவில் இருக்கும். எஞ்சிய தந்தி 334 மி.மீ. ஆகும், ஆனால் சரிபாதி 324 மி.மீ. ஆகும். இந்தப் பத்து மி.மீ. வேறுபாட்டால் மேல்சட்சம் ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதியளவு தாழ்ந்து ஒலிக்கும். எந்தச் சுருதி திருத்தமும் இதைச் சரிசெய்யாது. குதிரையின் இடத்தையே மாற்றவேண்டும்.

இங்கு வீணைக்கும் கிதாருக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. ஆகவே பிழை தோன்றின் மெழுகை இளக்கி, செவியால் கேட்டு மெட்டுகளை நகர்த்தி அமைக்கலாம். கிதாரின் மெட்டுகளோ மரத்தில் அறுத்த பள்ளங்களில் இறுகியவை. வீணையில் மெட்டு குதிரைக்கு இணங்கி வரும். கிதாரில் குதிரைதான் மெட்டுக்கு இணங்கி வரவேண்டும்.

கழுத்தும் பள்ளமும்

ஃபெண்டர் வகை உடலில் கழுத்து அமரும் பள்ளம் ஏறத்தாழ 56 மி.மீ. அகலமும் 16 மி.மீ. ஆழமும் உடையது. கழுத்தின் அடிப்பகுதி இதில் அசைவின்றி அமரவேண்டும். வழக்கமான பருமனுடைய ஆறு தந்திகளும் சுருதி சேர்த்த நிலையில் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோகிராம் எடையளவிற்குக் கழுத்தை இழுக்கின்றன. பள்ளம் சற்றே அகலமாயின் இடைவெளியில் மெல்லிய மரச்சீவலை ஒட்டலாம். ஆழம் பொருந்தாவிடில் கழுத்தின் அடியில் சீவல் வைத்துச் சாய்வைத் திருத்தலாம். அட்டைத் துண்டுகளை வைப்பதைவிட மரச்சீவலே நிலைத்து நிற்கும்.

தந்திகளின் இடைவெளி

முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடைப்பட்ட தொலைவு குதிரைக்குக் குதிரை மாறும். பழைய ஸ்ட்ராடோகாஸ்டர் குதிரையில் இது ஏறத்தாழ 56 மி.மீ.; பிற்காலக் குதிரைகள் பலவற்றில் ஏறத்தாழ 52 மி.மீ. அகன்ற குதிரையுடன் குறுகிய கழுத்தை இணைத்தால், ஓரத் தந்திகள் விரற்பலகையின் விளிம்பிற்கு வெளியே நழுவும். ஒலியுணரியின் காந்த முனைகள் தந்திகளுக்கு நேர்கீழே அமையாமல் சிறிது விலகியிருப்பது பெருங்குறையன்று. விளிம்பிலிருந்து தந்தி நழுவுவதோ வாசிக்கவே இயலாத குறையாகும்.

மின்சுற்று

மின்கிதாரின் ஒலியுணரி, நிலைக்காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியமைத்த சுருளாகும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகின்றது. நைலான் தந்தியைக் கட்டினால் இது இயங்காது.

காந்தங்களில் அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு கலந்த அல்னிக்கோ வகையும், செராமிக் எனப்படும் ஃபெரைட்டு வகையும் பரவலானவை. ஃபெரைட்டு என்பது இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் சேர்மத்தைக் கலந்து, தூளாக்கி அழுத்தி, உயர்வெப்பத்தில் சுட்டெடுக்கப்படும் பொருளாகும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் வட்டார வாசகர்களுக்கு, வடிவமைத்துச் சூளையில் சுடும் இம்முறை புதியதன்று. களிமண்ணுக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடு இடம்பெறுவதே வேறுபாடு. செராமிக் காந்தம் மலிவானது. இதனாலேயே அதைத் தாழ்ந்ததெனக் கருதும் வழக்கம் உள்ளது. எனினும் கூர்மையும் வலிமையும் மிக்க ஒலிக்காக இதையே விரும்பித் தேர்ந்தெடுக்கும் கலைஞர்களும் உண்டு. பழுதான மலிவுக் கிதாரிலிருந்து கழற்றிய செராமிக் ஒலியுணரி, நன்கு கட்டப்பட்ட உடலில் எதிர்பாராத சிறப்புடன் ஒலிக்கக்கூடும்.

வெவ்வேறு நிறுவனங்களின் ஒலியுணரிகளைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஒற்றைச்சுருள் ஒலியுணரிக்கு 250 கிலோ ஓம் மாறுமின்தடையும், இரட்டைச்சுருளுக்கு 500 கிலோ ஓம் மாறுமின்தடையும் வழக்கமானவை. மதிப்பு குறையின் ஒலியின் கூர்மை மங்கும். கூடின் கூர்மை மிகும்.
* இரண்டு ஒலியுணரிகளை ஒருசேர இயக்கும்போது ஒலி மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல் கேட்டால், அவற்றின் கட்டங்கள் எதிரெதிராக உள்ளன என்பது பொருள். ஒன்றின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். ஆனால் அதன் உலோக மூடி ஒரு கம்பியுடன் இணைந்திருந்தால், முதலில் அவ்விணைப்பைப் பிரிக்கவேண்டும்.
* ஒற்றைச்சுருள் ஒலியுணரி, இந்திய மின்வழங்கலின் 50 ஏர்ட்சு இரைச்சலையும் உள்வாங்கும். எதிர்த்திசையில் சுற்றிய இரண்டு சுருள்களைக் கொண்டு இதை நீக்கும் ஒலியுணரியைக் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் வடிவமைத்தார்.

மின்பாதுகாப்பு

கிதாரின் இரைச்சலைக் குறைப்பதற்காகக் குதிரையும் தந்திகளும் மின்சுற்றின் தரைமுனையுடன் இணைக்கப்படுகின்றன. அதாவது, வாசிப்பவரின் கை ஒலிபெருக்கியின் உலோகச் சட்டத்துடன் நேரடியாக இணைந்துள்ளது. ஒலிபெருக்கியின் புவியிணைப்பு பழுதாகியிருந்து, அதில் மின்கசிவும் ஏற்பட்டால், தந்தியைத் தொட்டபடியே ஒலிவாங்கியைத் தொடுவது உயிருக்கு இடராகும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்சு நாட்டின் சுவான்சி நகர மேடையில் புவியிணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மின்தாக்கி இறந்தார். மூன்றுமுனைச் செருகியின் புவிமுனையை ஒடித்துவிட்டு இருமுனைத் துளையில் செருகுவது, இரைச்சலை நீக்குவதற்காகப் புவிக்கம்பியை வெட்டுவது ஆகிய இரண்டையும் எந்நிலையிலும் செய்யலாகாது. கிதாருக்குள் மின்வழங்கல் இல்லை. இடர் ஒலிபெருக்கியிலிருந்தே வருகின்றது. ஆகவே கிதாரைக் கட்டி முடிப்பவர், அதைச் செருகவிருக்கும் ஒலிபெருக்கியையும் ஆய்வு செய்யவேண்டும்.

கட்டும் ஒழுங்கு

1. பாகங்கள் அனைத்தையும் அளந்து தாளில் குறித்தல். தந்தி நீளம் எதுவெனக் கழுத்தில் எழுதியிராவிடில், தலைக்கட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தொலைவை இருமடங்காக்கினால் கிடைக்கும்.
2. திருகாமல் வெறுமனே அடுக்கிப் பார்த்தல். தலைக்கட்டையின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து குதிரை வரை நூல் கட்டி, அது விரற்பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் ஒரே அளவு விலகியுள்ளதா எனக் காணவேண்டும். குதிரையின் இடத்தைத் தீர்மானிப்பது இந்நூலே.
3. பழைய திருகுத் துளைகள் பொருந்தாவிடில், அவற்றைக் கடினமரக் குச்சியும் பசையும் இட்டு அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுதல். துளையிடாது திருகினால் மரம் பிளக்கும்.
4. மின்சுற்றைப் பற்றவைத்து, தந்தி கட்டுமுன் சோதித்தல். ஒலியுணரியின்மேல் திருப்புளியால் மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியில் ஒலி கேட்கவேண்டும்.
5. தந்தி கட்டிச் சுருதி சேர்த்து, கழுத்தினுள் உள்ள இழுகம்பியால் வளைவைத் திருத்தி, தந்திகளின் உயரத்தை அமைத்தல்.
6. ஒவ்வொரு தந்திக்கும் பன்னிரண்டாம் மெட்டின் சுரம் திறந்த தந்திக்குச் சரியாக ஒரு தாயி மேலே உள்ளதா எனச் சுருதிமானியால் பார்த்தல். உயர்ந்திருந்தால் குதிரையின் தாங்கியைப் பின்னும், தாழ்ந்திருந்தால் முன்னும் நகர்த்தவேண்டும். அழுத்தும்போது தந்தியின் இழுவிசை சற்றே கூடுவதால், குதிரை கணக்கிட்ட இடத்தைவிடச் சில மி.மீ. பின்னே அமைவது இயல்பு.

தென்னிந்திய இசையில்

கருநாடக இசைக்கென எந்தப் பெருநிறுவனமும் மின்கிதார் செய்ததில்லை. ஆகையால் தேவைக்கேற்பக் கருவியை மாற்றியமைக்கும் பொறுப்பு கலைஞர்களிடமே விழுந்தது. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டுத் தந்திகளை இணையிணையாகக் கொண்ட மரபுவழி மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டார். இணைத் தந்திகளை ஒருசேர வளைத்துக் கமகம் வாசிப்பது கடினம். ஒற்றைத் தந்தியும் மின்பெருக்கமும் அத்தடையை நீக்கின. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கிதாரிலேயே கருநாடக இசைக் கச்சேரிகள் நிகழ்த்தியுள்ளனர். சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கரின் பத்துத் தந்தி இரட்டை வயலினை 1980-இல் உருவாக்கியவர், பின்னாளில் கிதார் வடிவமைப்பில் புகழ்பெற்ற கென் பார்க்கர் ஆவார்.

1970-களில் சங்கருடனும் டி. எச். விநாயகராமுடனும் சக்தி குழுவில் வாசித்த ஜான் மக்லாஃப்லின், மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்தெடுத்த விரற்பலகையைப் பயன்படுத்தினார். வீணையின் மெட்டுகளுக்கு இடையில் வெற்றிடம் இருப்பதால் தந்தியைத் தாராளமாக இழுத்துக் கமகம் பிடிக்கமுடிகின்றது. குடைந்த பலகை அதே வசதியைக் கிதாருக்குத் தருகின்றது. உதிரிப்பாக முறையின் பயன் இங்கே தெளிவாகும். நல்ல கிதாரின் கழுத்தை அரம் கொண்டு குடைய எவரும் துணியார். தனியே கிடைத்த மலிவான கழுத்தில் அதைச் செய்து பார்க்கலாம். பிடிக்காவிடில் நான்கு திருகுகளைக் கழற்றிப் பழைய கழுத்தைத் திரும்பப் பொருத்தலாம்.

மரமும் சட்டமும்

விரற்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று தோதகத்தி. ஈட்டி மரம் எனவும் அழைக்கப்படும் இது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளர்கின்றது. இதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017 சனவரியில் இம்மரப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டது. பழைய கிதாரை நாடு விட்டு நாடு விற்பதற்கும் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டதால் எழுந்த முறையீடுகளைத் தொடர்ந்து, முழுமையாகச் செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 2019-இல் விலக்களிக்கப்பட்டது. உடைந்த கிதாரின் கழுத்தை எடுத்து மீண்டும் பயன்படுத்துவோர், பல பத்தாண்டுகள் வளர்ந்த மரம் ஒன்றின் பயனை நீட்டிக்கின்றனர்.

கிதார் உடலின் பொதுவான வடிவங்களை வணிகக் குறியாகப் பதிய ஃபெண்டர் நிறுவனம் செய்த விண்ணப்பத்தை அமெரிக்க வணிகக்குறி மேல்முறையீட்டு வாரியம் 2009-இல் ஏற்கவில்லை. எனினும் நிறுவனப் பெயரும் சின்னமும் வணிகக்குறிகளாகப் பாதுகாக்கப்பட்டவை. சேர்த்துக் கட்டிய கிதாரின் தலைப்பகுதியில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரை ஒட்டி அசலென விற்பது ஏமாற்றாகும். பழைய கிதார் வாங்குவோர் கழுத்தைக் கழற்றி, அதன் அடியிலும் பள்ளத்திலும் உள்ள நாள் முத்திரைகள் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பது இதனாலேயே.

நிறைகளும் குறைகளும்

ஒவ்வொரு பாகத்தையும் தன் கைக்கும் செவிக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்க முடிவதும், பழுதானதை மட்டும் மாற்ற முடிவதும், கருவியின் இயக்கத்தை உள்ளும் புறமும் அறிய முடிவதும் இதன் நிறைகளாகும். மறுவிற்பனையில் பாகங்களுக்குச் செலவிட்ட தொகைகூடத் திரும்பாதது, உடல் இலேசாகவும் தலைப்பகுதி கனமாகவும் அமைந்தால் கழுத்து கீழே சாய்வது, அனைத்துப் பாகங்களையும் புதிதாக வாங்கினால் கடையில் விற்கும் முழுக்கிதாரைவிடச் செலவு கூடுவது ஆகியவை குறைகளாகும். கையிலிருக்கும் எஞ்சிய பாகங்களில் தொடங்கி, தேவையானதை மட்டும் வாங்கிச் சேர்ப்பவர்க்கே இம்முறை சிக்கனமானது. அவ்வாறு தொடங்குவோர் முதலில் வாங்கவேண்டியவை அளவுகோலும் பற்றவைப்புக் கோலும் ஆகும்.